பொறித்த எழுத்தில் நிறம் நிற்க என்ன வழி? அக்ரிலிக், பித்தளை, தேக்கு

பாளைக்காரி:

எல்லோருக்கும் வணக்கம். வீட்டில் கிரிகட் மேக்கர் (கணினியில் வரைந்ததை வெட்டவும் பொறிக்கவும் செய்யும் சின்ன மெஷின்) வைத்துப் பெயர்ப்பலகை, சீர்ப் பாத்திரத்தில் ஒட்டப் பித்தளைத் தகடு, பரிசுக்கு மரப்பலகை என்று செய்து கொடுக்கிறேன். பொறிக்கும் முனையைப் போட்டால் கோடு சுத்தமாகத்தான் விழுகிறது. சிக்கல் நிறம் நிரப்பும்போதுதான் வருகிறது. கறுப்பு அக்ரிலிக்கில் வெள்ளையைத் தேய்த்துத் துடைத்தால் எழுத்தைச் சுற்றி வெளுத்த படலம் தங்குகிறது. தேக்கில் தங்க நிறம் ரேகை வழியாக ஓடி, எழுத்துக்கெல்லாம் மீசை முளைத்த மாதிரி ஆகிவிடுகிறது. பித்தளையில் கொஞ்ச நாளிலேயே உதிர்கிறது.

ஆவணியில் ஒரு பால்காய்ச்சுக்கு வாசல் பலகை தர வேண்டும். வெயில், மழை இரண்டும் நேரே படும் இடம். எந்த நிறம், எப்போது துடைப்பது, மேலே என்ன பூச்சு? தெரிந்தவர்கள் விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

கல்லிடை தச்சு:

தங்கச்சி, மரத்தைப் பற்றி நான் சொல்கிறேன். மற்ற இரண்டையும் அந்தந்தத் தொழில்காரர்கள் சொல்லட்டும்.

நிறம் ஓடுவதற்கு நிறத்தைக் குறை சொல்ல முடியாது. தேக்கின் துளைகள் ரேகை போகிற திசையில் குழாய் குழாயாக ஓடுகின்றன. முனை அவற்றை வெட்டித் திறந்துவிடுகிறது. அதில் தண்ணீர் போன்ற நிறத்தை விட்டால் உறிஞ்சத்தான் செய்யும். எனவே, பொறிப்பதற்கு முன்பே மேல்பரப்பை மூடிவிட வேண்டும். அவலரக்கை (ஷெல்லாக்) ஸ்பிரிட்டில் கரைத்து மெல்லியதாக இரண்டு கை பூசுங்கள். காய்ந்ததும் 320 உப்புத்தாளால் லேசாக ஓட்டிவிட்டு, அதன் பிறகு மெஷினில் வையுங்கள்.

பொறித்து முடித்ததும் தூரிகையால் தூசியைத் தட்டிவிட்டு, பள்ளத்துக்குள்ளும் அதே அரக்குக் கரைசலை இன்னும் நீர்க்கச் செய்து ஒரு கை விட வேண்டும். இதைத்தான் பெரும்பாலானவர்கள் விட்டுவிடுகிறார்கள். மேல்பரப்பு மூடியிருந்தாலும் வெட்டுப்பட்ட ஓரம் திறந்தே இருக்கிறது, நிறம் உள்ளே புகுந்து பக்கவாட்டில் ஓடுவது அந்த வழியாகத்தான். எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) என்றால் இது இன்னும் அவசியம். அதன் மேல்தோல் கெட்டி, உள்பக்கம் பஞ்சு.

நிரப்புவதற்குத் தண்ணீரில் கலக்கும் அக்ரிலிக் நிறம் போதும், ஆனால் தண்ணீர் சேர்க்காமல் குழம்புப் பதத்தில். பழைய ஏடிஎம் கார்டால் பள்ளத்துக்குள் அழுத்தித் தள்ளுங்கள். நன்றாகக் காய விட்டு, ஒரு மரக்கட்டையில் 400 உப்புத்தாளைச் சுற்றி மேலே வழிந்ததை மட்டும் தேய்த்து எடுங்கள். வெறும் விரலால் தேய்த்தால் தாள் பள்ளத்துக்குள் இறங்கி எழுத்தின் ஓரத்தை மழுக்கிவிடும். மேலே ஒட்டியிருப்பதை எடுக்க ஸ்பிரிட் துணியைத் தொடவே கூடாது. ஸ்பிரிட் பட்டால் கீழே இருக்கும் அரக்கும் கரையும்.

இன்னொன்று. மேக்கரின் முனை சுற்றுவதில்லை, இழுத்துக் கீறுகிறது. ரேகைக்குக் குறுக்கே போகும்போது நாரைப் பிய்க்கும். தேக்கில் மெல்லிய எழுத்து வேண்டுமென்றால் லேசரில் சுடுவதுதான் என் விருப்பம்.

பாளைக்காரி:

மிக்க நன்றி அண்ணாச்சி. பள்ளத்துக்குள் இரண்டாவது தடவை அரக்கு விடுவது எனக்குப் புதுச் செய்தி. தேக்கில் எண்ணெய்ப்பசை இருக்கிறதே, அதில் அரக்கு பிடிக்குமா?

கல்லிடை தச்சு:

பிடிக்கும். எண்ணெய்ப்பசை உள்ள மரத்தில் மற்றப் பூச்சுகள் தயங்கும் இடத்தில்கூட அரக்கு நிற்கும். அதனால்தான் அதை முதலில் சொன்னேன். எனாமலை நேரே தேக்கில் விட்டால் காயவே நாள் எடுக்கும்.

வண்ணாரப்பேட்டை போர்டு:

அக்காவுக்கு அக்ரிலிக் பற்றி நான். கடை பெயர்ப்பலகை வேலைதான் எங்களுக்குப் பிழைப்பு.

எழுத்தைச் சுற்றி வெளுப்பு தங்குவதற்கு இரண்டு காரணம். ஒன்று, பொறிக்கும்போது பறக்கும் தூளை உலர்ந்த துணியால் துடைப்பது. அந்தத் தூளே பளபளப்பைக் கீறும், கண்ணுக்குத் தெரியாத அந்தக் கீறல்களில் வெள்ளை உட்காரும். தூளை ஊதிவிடுங்கள், அல்லது சோப்புத் தண்ணீர் ஓட்டிக் கழுவுங்கள். இரண்டு, நிறத்தை நீர்க்கக் கரைத்து ஈரத்துணியால் துடைப்பது. அது நிறத்தை எடுப்பதில்லை, மெல்லிய படலமாகப் பரப்பிவிடுகிறது.

நான் செய்வது இது. ஷீட்டின் மேல் ஒட்டியிருக்கும் படலத்தை எடுத்துவிட்டு, காருக்குப் போடும் மெழுகை ஒரு கை தேய்த்து மெருகேற்றிவிடுவேன். அதற்கு அப்புறம்தான் பொறிப்பு. மேல்பரப்பில் மெழுகு இருக்கிறது, முனை வெட்டிய பள்ளத்தில் இல்லை. நிறம் பள்ளத்தில் பிடிக்கும், மேலே பிடிக்காது. கல்லிடை அண்ணாச்சி மரத்துக்குச் சொன்னதும் இதுவும் ஒரே முறைதான். மேல்பரப்பை முதலில் முடித்துவிடு, அப்புறம் வெட்டு, அப்புறம் நிரப்பு. வரிசை மாறினால் எந்த விலை உயர்ந்த நிறம் வாங்கினாலும் கறைதான்.

துடைக்கும் விதமும் முக்கியம். மெத்தென்ற துணியை விரலில் சுற்றித் துடைத்தால் துணி பள்ளத்துக்குள் போய் நிறத்தையும் வழித்து எடுத்துவரும். கார்டின் மேல் துணியை இழுத்துச் சுற்றி, கோட்டுக்குக் குறுக்காக, படுக்கை வசத்தில் ஒரே இழுப்பு. பிறகு துணியின் சுத்தமான பக்கத்தைத் திருப்பி அடுத்த இழுப்பு. முன்னும் பின்னும் தேய்ப்பது கூடாது.

அக்ரிலிக் ஷீட்டில் தின்னர், ஸ்பிரிட், நகப்பூச்சு எடுக்கும் திரவம் எதுவும் படக் கூடாது. வெட்டிய இடத்திலும் பொறித்த இடத்திலும் ஷீட்டுக்குள் இறுக்கம் இருக்கும். அங்கே இவை பட்டால் மயிரிழை மயிரிழையாக வெடிப்பு ஓடும். சில சமயம் அன்றைக்குத் தெரியாது, மறுநாள் தெரியும். காய்ந்த கறையை எடுக்க வேண்டுமானால் துணியில் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து, உடனே சோப்பு போட்டுக் கழுவுங்கள்.

வாசல் பலகைக்கு ஒரு யோசனை. கறுப்பு ஷீட்டை விடுங்கள். தெளிவான அக்ரிலிக் எடுத்து, எழுத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பிப் பின்பக்கத்தில் பொறியுங்கள். பள்ளத்தில் வெள்ளையோ தங்கமோ நிரப்பித் துடைத்து, காய்ந்த பின் முழுப் பின்பக்கத்துக்கும் கறுப்பு அடியுங்கள். பின்பக்கம் முழுவதும் நிறம் பிடிக்க வேண்டும் என்பதால் இந்த முறைக்கு மட்டும் மெழுகு கூடாது, அதற்குப் பதில் மாஸ்கிங் படலம் ஒட்டிப் பொறித்து நிரப்பி உரித்துவிடுங்கள். முன்பக்கம் வழவழவென்று கண்ணாடியாக இருக்கும். மழை நிறத்தைத் தொடவே தொடாது, தூசியைத் துடைத்தால் எழுத்து தேயாது. அக்ரிலிக் வெயிலைத் தாங்கும் பொருள், அதனால் ஷீட் சீக்கிரம் மஞ்சளடிக்காது. நிறத்தில் வெள்ளை, கறுப்பு, காவி இவை வெயிலில் நிற்கும். மலிவான சிவப்பும் ரோஸும் நம் ஊர் வெயிலில் வெளுத்துவிடும்.

மேலகரம் லேசர்:

போர்டு அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். மாஸ்கிங் படலத்தை உரிப்பதற்கு ஒரு நேரம் உண்டு. நிறம் முழுதாக இறுகிய பிறகு உரித்தால் எழுத்தின் ஓரம் பல் பல்லாகக் கிழியும். தொட்டால் விரலில் ஒட்டாது, ஆனால் நகத்தால் அழுத்தினால் தடம் விழும், அந்தப் பதத்தில் படலத்தை மடக்கிச் சாய்வாக இழுக்க வேண்டும். மேக்கரின் முனை கனமான படலத்தைக் கிழித்துச் சுருட்டும், அதற்கு மெல்லிய வினைல் ஸ்டிக்கர் பரவாயில்லை. லேசரில் சுடுபவர்களுக்குக் காகித மாஸ்கிங் டேப்பே போதும். அந்த வினைலோடு லேசரில் மட்டும் வைத்துவிடாதீர்கள். வினைல் என்பது பிவிசி, அது வெந்தால் வரும் புகையில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கிறது. நுரையீரலுக்கும் கெடுதல், மெஷினுக்கும் கெடுதல்.

லேசரில் பொறிக்க அக்ரிலிக் வாங்கும்போது காஸ்ட் ஷீட் என்று கேட்டு வாங்குங்கள். அதில்தான் பொறிப்பு வெண்பனியாக விழும். எக்ஸ்ட்ரூடட் ஷீட்டில் உருகி மங்கலாக இருக்கும். வீட்டில் வைக்கும் நீல டையோடு லேசர் தெளிவான அக்ரிலிக்கில் ஊடுருவிப் போய்விடும், மேலே கறுப்புப் போஸ்டர் கலர் பூசினால்தான் பிடிக்கும்.

பாளைக்காரி:

பின்பக்கம் பொறிக்கும் யோசனை மனதுக்கு மிகவும் பிடித்துவிட்டது. ஒரு சந்தேகம். தமிழ் எழுத்துருவைப் போட்டால் மெஷின் எழுத்தின் வெளிக்கோட்டை மட்டும் கீறுகிறது. உள்ளே வெறுமையாக இருக்கிறது. நிறம் நிரப்பினாலும் கூடு மாதிரிதான் வருகிறது. தடிமனான எழுத்தாக வர என்ன செய்வது?

மேலகரம் லேசர்:

எழுத்துருக்கள் எல்லாமே வெளிக்கோடுகளால் ஆனவை அக்கா. முனைக்குக் கோடு மட்டும்தான் தெரியும், நிறைந்த பரப்பு தெரியாது. இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் எழுத்தைப் பாதையாக மாற்றிவிட்டு, ஹேட்ச் ஃபில் என்ற நீட்சியை ஏற்றி, உள்ளே நெருக்கமான கோடுகளால் நிரப்புங்கள். கோட்டுக்கும் கோட்டுக்கும் இடைவெளி முனை கீறும் அகலத்தைவிடக் கொஞ்சம் குறைவாக இருக்க வேண்டும். அதிகமானால் நடுவில் வரப்பு நிற்கும், துடைக்கும்போது அந்த வரப்பில் நிறம் நிற்காது. கோடுகளைச் சாய்வாகப் போடுங்கள். படுக்கைக் கோடாகப் போட்டால் தமிழ் எழுத்தின் படுக்கைக் கோடுகளோடு ஒன்றி, ஓரம் எது நிரப்பு எது என்று தெரியாமல் போகும்.

ஆழத்துக்கு ஒரே தடவை அழுத்தத்தைக் கூட்டுவதைவிட, பலகையை எடுக்காமல் இரண்டாம் மூன்றாம் சுற்று ஓட்டுவது நல்லது. பலகை ஒரு மயிரிழை நகர்ந்தாலும் கோடு இரட்டையாகும். அதனால் நான்கு பக்கமும் டேப் ஒட்டுங்கள், உருளையில் இருக்கும் வெள்ளை வளையங்களை ஓரத்துக்குத் தள்ளிவிடுங்கள். மேக்கருக்குள் 2.4 மில்லிமீட்டருக்கு மேல் தடிமன் போகாது. ஆகவே வாசல் பலகைக்கு 2 மில்லிமீட்டர் ஷீட்டில் பொறித்து, பின்னால் கனமான பலகையில் ஏற்றுவதுதான் வழி.

எழுத்துரு தேர்ந்தெடுக்கும்போது ணை, னை, கொ போன்றவற்றைப் பொறித்துப் பாருங்கள். சின்னச் சுழிக்குள் நிற்கும் தீவு பெயர்ந்து வந்துவிட்டால் நிரப்பிய பிறகு ஒரு பொட்டாகத்தான் தெரியும். சுழி அகலமான எழுத்துருவே நம் வேலைக்கு ஏற்றது.

டவுன் பாத்திரம்:

பித்தளைக்கு நான் வருகிறேன். பாத்திரத்தில் பெயர் வெட்டுவது எங்கள் குடும்பத் தொழில். கையில் பிடிக்கும் மிஷின் புள்ளி புள்ளியாகக் கொத்தும், நீங்கள் வைத்திருப்பது கீறும். வேலை வேறு, தகடு ஒன்றுதான்.

பித்தளையில் நிறம் உதிர்வதற்குக் காரணம் பெரும்பாலும் எண்ணெயும் களிம்பும். தகட்டைப் புளி போட்டுத் தேய்த்து, சோப்பால் கழுவி, துடைத்து வெயிலில் காய வைத்து, அதன் பிறகு வெறும் விரல் படாமல் ஓரத்தைப் பிடித்து எடுங்கள். விரல் எண்ணெய் போதும், நிறம் பிடிக்காமல் போக. அடுத்து தெளிவான லாக்கர் ஒரு கை அடித்து நன்றாக இறுக விடுங்கள். மேலே தம்பிமார் சொன்ன அதே வரிசைதான். லாக்கர் போட்ட தகட்டில் பொறித்தால் முனை லாக்கரைக் கிழித்துப் பித்தளையைத் தொடும். அந்தப் பள்ளத்தில் எனாமல் நிறத்தை நிரப்பி, சற்று இழுபடத் தொடங்கும்போது கார்டில் சுற்றிய துணியில் டர்பன்டைன் தொட்டும் தொடாமலும் வைத்து வழித்துவிடுங்கள். எனாமல் முழுதாகக் காய ஒரு வாரம் விட்டுவிட்டு, மேலே இன்னொரு மெல்லிய லாக்கர். அவசரப்பட்டுக் காயாத எனாமல் மேல் லாக்கர் அடித்தால் சுருங்கிக் கொப்பளிக்கும்.

ஆனால் ஒன்றை வாடிக்கையாளரிடம் சொல்லியே கொடுங்கள். நம் பக்கத்து வீடுகளில் வெள்ளிக்கிழமை வந்தால் குத்துவிளக்கையும் குடத்தையும் புளியும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்ப்பார்கள், இல்லையென்றால் பீதாம்பரிப் பொடி. அதற்கு முன் லாக்கரும் நிற்காது, எனாமலும் நிற்காது. தேய்த்துப் புழங்கும் பொருள் என்றால் நிறமே வேண்டாம். ஆழமாகப் பொறித்து வெறுமையாக விடுங்கள். பித்தளைக்கு அது ஒரு குறையே இல்லை. தேய்க்கத் தேய்க்க மேல்பரப்பு பளபளக்கும், பள்ளத்தில் கறுப்பு தானாகத் தங்கும், எழுத்து தெளிவாகத் தெரியும். பழைய சீர்க் குடங்களில் பாட்டி பெயர் இன்றும் வாசிக்க முடிகிறதே, அதில் யாரும் எந்த நிறமும் நிரப்பவில்லை.

சாப்பாடு, தண்ணீர் படும் பக்கத்தில் எந்த நிறமும் நிரப்பக் கூடாது. எவர்சில்வரில் இந்த மெஷினை ஓட்ட வேண்டாம், முனைக்கு அது மிகவும் கடினம். அலுமினியமும் பித்தளையும் போதும்.

சேரன்மகாதேவி கைவேலை:

எனாமலுக்குப் பதில் தங்க மெழுகுப் பசை ஏன் சொல்லவில்லை? விரலால் தேய்த்து, துணியால் துடைத்தால் உடனே பளிச்சென்று வருகிறது. காத்திருக்கவே வேண்டாம்.

டவுன் பாத்திரம்:

பூஜை அறையில் மாட்டும் படத்துக்கும், அலமாரியில் வைக்கும் பரிசுக்கும் அது அழகுதான். மறுக்கவில்லை. மெழுகு இறுகாத பொருள். கை படும் இடத்தில் மெல்ல மெல்லப் போகும், அதன் மேல் எந்த லாக்கரும் ஒழுங்காகப் பிடிக்காது. காசு வாங்கிக்கொண்டு ஒருவர் வீட்டு வாசலுக்கு அதைக் கொடுக்க என் மனம் ஒப்பாது.

வண்ணாரப்பேட்டை போர்டு:

இதில் நானும் அண்ணாச்சி பக்கம்தான். வெளிவேலைக்கு மெழுகு வேண்டாம்.

கல்லிடை தச்சு:

மரத்தில் கனமான நிரப்புக்கு வேறொரு பழைய வழி இருக்கிறது. அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமானைப் பார்த்திருப்பீர்கள். கடைசலில் சுற்றும் மரத்தின் மேல் அரக்குக் குச்சியை அழுத்துவார்கள், உரசும் சூட்டில் அரக்கு உருகி மரத்தோடு ஒட்டும். நிறம், பூச்சு, பளபளப்பு மூன்றும் ஒரே பொருளில் வந்துவிடும். அதே அரக்கைப் பொறித்த பள்ளத்திலும் விடலாம். நிறம் கலந்த அரக்குக் குச்சியைச் சால்டரிங் இரும்பின் சூட்டில் இளக்கிப் பள்ளத்தில் சொட்டவிட்டு, ஆறியதும் தட்டையான உளியால் சீவி, மென்மையான உப்புத்தாளால் சமப்படுத்துங்கள். அரக்கு 75 டிகிரி வாக்கில் உருகத் தொடங்கும், இரும்பை அதிகம் காய்ச்சினால் கருகிக் குமிழ் விடும். ஒரு மில்லிமீட்டர் ஆழமாவது வேண்டும், அதனால் லேசரில் ஆழமாகச் சுட்டதற்கோ உளியால் வெட்டியதற்கோதான் இது. வெயில் நேரே அடிக்கும் இடத்துக்கு வேண்டாம், இளகும்.

எனக்குத் தெரிந்து கடையில் விற்கும் எந்த நிறமும் அரக்கு கொடுக்கும் அந்த ஆழ்ந்த சிவப்பைக் கொடுத்ததில்லை. நம் ஊர்ப் பொருள், நம் ஆட்களின் கைக்குப் பழகிய பொருள். வீட்டு மெஷின்காரர்கள் இதைக் கையில் எடுத்தால் எனக்கு மிகவும் சந்தோஷம்.

குற்றாலச் சாரல்:

ரெசின் பற்றி யாரும் பேசவில்லையே. பள்ளத்தில் நிறம் கலந்த எபாக்சி (இரண்டு திரவத்தைக் கலந்தால் இறுகும் ரெசின்) விட்டால் கண்ணாடி மாதிரி வருகிறது. ஆனால் இங்கே சாரல் நேரத்தில் ஊற்றினால் மேலே பிசுபிசுவென்று ஒரு படலம் வருகிறது. காய்ந்தும் போகவில்லை.

மேலகரம் லேசர்:

நானும் சாரல் ஊர்தான், இந்தப் பாடு எனக்கும் தெரியும். அந்தப் பிசுபிசுப்பு, கெட்டிப்படுத்தும் திரவம் காற்று ஈரத்தோடும் கரியமிலவாயுவோடும் சேர்வதால் மேலே வருவது. சோப்புத் தண்ணீரால் கழுவினால் போய்விடும். கழுவாமல் அடுத்த பூச்சு போட்டால்தான் உரியும். அடியே இளகி இருந்தால் காரணம் வேறு: கலவை விகிதம் தவறியிருக்கும், அல்லது குளிர்ச்சியில் இறுகாமல் நின்றிருக்கும். டப்பாவில் அளவு கொள்ளளவுக்கா எடைக்கா என்று பார்த்து அப்படியே கலக்குங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை நான் மூடிய அறையில், பெரிய அட்டைப்பெட்டிக்குள் பலகையை வைத்து, சுடாத தூரத்தில் ஒரு குண்டு பல்பு எரியவிட்டு ஊற்றுகிறேன்.

புற ஊதா ஒளி பட்டால் இறுகும் யுவி ரெசினுக்கு இந்தத் தொல்லை இல்லை. 365 முதல் 405 நானோமீட்டர் விளக்கு போதும், திருநெல்வேலிப் பக்கத்து வெயிலே போதும். ஆனால் வெள்ளையோ கறுப்போ கனமாகக் கலந்தால் ஒளி அடிவரை போகாது, மேலே இறுகி உள்ளே பச்சையாக நிற்கும். மெல்லிய அடுக்குகளாக விட்டு ஒவ்வொன்றையும் இறுக்குங்கள். இறுகாத ரெசின் தோலில் படக் கூடாது, கையுறை போட்டே செய்யுங்கள்.

திசையன்விளை பனை:

இவ்வளவு பேர் பொறித்து நிரப்புவது பற்றி எழுதியிருக்கிறீர்கள், பனையோலையை யாரும் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன். எழுத்தாணியால் ஓலையில் கீறும்போது எழுத்து கண்ணுக்கே தெரியாது. விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்தோ, கோவை இலைச் சாற்றோடு மஞ்சள் சேர்த்தோ தடவித் துடைப்பார்கள். ஓலையின் மேல்தோல் வழவழப்பு, அதில் மை பிடிக்காது, கீறலில் மட்டும் தங்கும். மையாடல் என்று அதற்கு ஒரு சடங்கே இருந்தது. உ.வே.சா. ஏடு தேடி ஆழ்வார்திருநகரி வரை வந்தபோது புரட்டிய சுவடிகளும் பெரும்பாலும் இந்த முறையில் நிரப்பியவையாகத்தான் இருந்திருக்கும்.

நான் புத்தக அடையாளமாகப் பதப்படுத்திய ஓலையில் பெயர் பொறித்துக் கொடுக்கிறேன். கையால்தான். மேக்கரில் வைத்தால் ஓலை நரம்பு வழியாகப் பிளக்கிறது. அழுத்தத்தை மிகக் குறைத்துப் பொறிப்பவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

மேலகரம் லேசர்:

ஓலையை மெஷினின் ஒட்டும் விரிப்பில் (மேட்) முழுவதும் படியும்படி அழுத்தி, மேலே டேப் ஒட்டி, இருப்பதிலேயே குறைந்த அழுத்தத்தில் ஒரே சுற்று ஓட்டினால் பெரிய எழுத்து வரும். மெய்யெழுத்தின் புள்ளிதான் ஆபத்து. மெஷின் புள்ளியைச் சின்ன வட்டமாகச் சுற்றிச் சுற்றிக் கீறும், ஓலை பொத்துவிடும். புள்ளிகளை மட்டும் தனி அடுக்காகப் பிரித்து வைத்துக்கொண்டு, அவற்றை ஊசியால் கையால் தொட்டுவிடுங்கள்.

திசையன்விளை பனை:

நல்ல யோசனை தம்பி. சுவடிகளிலும் அதே காரணத்துக்காகத்தான் புள்ளி வைக்காமல் எழுதினார்கள் என்பார்கள். பெயர் மட்டும் என்பதால் நமக்குப் புள்ளி வேண்டும், ஊசியால் வைத்துக்கொள்கிறேன்.

சேரன்மகாதேவி கைவேலை:

ஓலைக்கு மேல் வார்னிஷ் அடிக்கலாமா?

திசையன்விளை பனை:

வேண்டாம். ஓலை வளையும்போது வார்னிஷ் வெடித்து உதிரும். எலுமிச்சைப்புல் எண்ணெயைப் பஞ்சில் தொட்டு மெல்லத் தடவுங்கள், பூச்சி அண்டாது, ஓலையும் முறியாமல் வளைந்துகொடுக்கும். மை தடவிய அன்றைக்கே எண்ணெய் போட்டால் கரி கலைந்துவிடும், இரண்டு மூன்று நாள் விட்டுப் போடுங்கள்.